பின்கண்ணாடியில் உப்பு

உப்பளத்து ரோட்டில் போய் வருகிற காரில் முதலில் அழுக்காவது பின்கண்ணாடிதான். தூசியும் காற்றும் எதிரே வந்து அடிப்பது முன்கண்ணாடியில். ஆனால் உப்பு வெள்ளையாகப் பூத்துக் கிடப்பது பின்னால். தூத்துக்குடியில் கார் வைத்திருக்கிற எல்லோரும் காலையில் எழுந்ததும் அதைத் துடைக்கிறார்கள். ஏன் அங்கே படிகிறது என்று ஒருவரும் கேட்டது கிடையாது. நான் கேட்டேன், இன்ஸ்பெக்டர் ஐயா. அதிலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்குப் புரியும்.

நீங்கள் நீட்டுகிற காகிதத்தைப் படித்துவிட்டேன். ஏட்டையாவின் கையெழுத்து நன்றாக இருக்கிறது. வெள்ளத்துரை அண்ணாச்சியின் மனைவி சண்முகத்தாயம்மாள் ஓடுகிற காருக்குள் புகையால் இறந்துபோனார், அந்தக் காரின் பின்பக்கத்தை மாற்றிக் கட்டிய டிங்கர் பட்டறைக்காரன் பவுல் ஆகிய நான் அறியாமையால் செய்த பிழையே அதற்குக் காரணம் என்று எழுதியிருக்கிறது. இதில் கையெழுத்துப் போட்டால் இன்றே வீட்டுக்குப் போகலாம், கோர்ட்டில் அபராதத்தோடு முடிந்துவிடும் என்கிறீர்கள். வெளியே வேப்பமரத்தடியில் என் மனைவி பிலோமினா தூக்குவாளியோடு உட்கார்ந்திருக்கிறாள். அவளும் இதைத்தான் சொல்கிறாள். எல்லோரும் என்மேல் இரக்கமாக இருக்கிறீர்கள். இரக்கப்படுகிறவர்களிடம் ஒரு விஷயத்தை விளக்குவது சிரமம், இருந்தாலும் சொல்லிப் பார்க்கிறேன். அந்த ஒரு வரியை மாற்றினால்தான் கையெழுத்துப் போடுவேன்.

என் அப்பா தோணி கட்டும் ஓடாவி. எங்கள் கரைத் தோணிக்கு முன்னாலும் கூர், பின்னாலும் கூர். பின்பக்கத்தைச் சப்பையாக வெட்டிவிட்டால், தோணி கடந்து போன இடத்தில் தண்ணீர் சேரத் தெரியாமல் சுழன்று, தோணியைப் பிடித்துப் பின்னுக்கு இழுக்கும். இது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த சமாச்சாரம். நான் தோணியை விட்டுவிட்டுக் கார் பாடி வேலைக்கு வந்தேன். வந்த பிறகுதான் அந்த உப்பைப் பார்த்தேன். கார் போன இடத்தில் காற்றும் சேரத் தெரியாமல் சுழல்கிறது, சுழன்று திரும்பி வந்து காரின் முதுகிலேயே ஒட்டிக்கொள்கிறது. காற்று திரும்பி வருகிற இடத்தில்தான் உப்பு படிகிறது.

ஒரு பழைய வண்டியின் டிக்கி முழுக்க வலை நூலைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டி, பாளையங்கோட்டை ரோட்டில் ஓட்டச் சொல்லி, பின்னால் மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்த்தேன். கூரைமேல் ஒட்டிய நூலெல்லாம் நேராகப் படுத்துக் கிடந்தது. டிக்கிமேல் ஒட்டியது பேய் பிடித்த மாதிரி ஆடியது, சில நூல் காரைப் பார்த்தே திரும்பி நின்றது. பக்கத்துப் பட்டறைக்காரர்கள் பவுலுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்றார்கள். அவர்கள் நசுங்கிய மட்கார்டை நிமிர்த்துவதற்காகவே பிறந்தவர்கள், அவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

போன வருஷம் பெட்ரோல் விலை ஏறியதே, அப்போது ஊரில் பாதிக் கார்கள் ஷெட்டைவிட்டு வெளியே வரவில்லை. வெள்ளத்துரை அண்ணாச்சிக்கு முத்தையாபுரம் பக்கம் உப்பளம், திருநெல்வேலியில் கடை, தென்காசியில் மகளைக் கொடுத்திருக்கிறது. காரில்லாமல் அவருக்கு ஒரு நாள் ஓடாது. அவரிடம் போய், உங்கள் அம்பாசடருக்கு வால் வைக்கிறேன், பெட்ரோல் மிச்சமாகும் என்றேன். சிரித்தார். ஆனால் வண்டியைக் கொடுத்தார். நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். வேலை சரியாக வந்தால், யார் கேட்டாலும் இது பவுல் வைத்த வால் என்று சொல்ல வேண்டும். சரி என்றார். எனக்குப் பெருமையில் ஆசை இல்லை, ஐயா. செய்தவன் பெயர் செய்த பொருளில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

டிக்கிக் கதவை எடுத்துவிட்டு, கூரையிலிருந்து சரிந்து வந்து பின்னால் கூர்ந்து முடிகிற வாலைக் கட்டினேன். உள்ளே தோணிக்கு வைப்பதுபோலத் தேக்கில் விலா எலும்புகள், மேலே தகரம். தோணிப் பலகை இடுக்குகளில் பஞ்சையும் குங்கிலியத்தையும் திணித்துத் தண்ணீர் புகாமல் அடைப்பதை எங்கள் கரையில் கலப்பத்து என்போம். தகரத்தின் இணைப்புகளுக்கெல்லாம் நானே உட்கார்ந்து கலப்பத்து அடித்தேன். வாலையும் டிக்கியையும் ஒரே அறையாக்கி, சாமான் வைக்க மேலே தூக்குகிற மாதிரி ஒரு மூடி விட்டேன். சைலன்சர் குழாயை நீட்டி, வால் நுனிக்கும் வெளியே ஒரு சாண் தள்ளி விட்டேன். ஏன் வெளியே விட்டேன் என்ற கேள்வியைத் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வால் வேலை செய்தது. திருநெல்வேலி போய்த் திரும்பிவந்த பிறகும் டாங்கியில் பெட்ரோல் கிடந்தது. டிரைவர் அய்யாக்குட்டி முள் ரிப்பேர் என்று நினைத்துக் குச்சியை விட்டுப் பார்த்தான். அண்ணாச்சி மிச்சத்தைப் பார்த்தார். சண்முகத்தாயம்மாள் மட்டும் கண்ணாடியைப் பார்த்தார். ஒரு நாள் பட்டறை வாசலில் காரிலிருந்து இறங்கியவர், சேலைத் தலைப்பால் பின்கண்ணாடியைத் தடவிவிட்டு என்னிடம் வந்தார்.

"தம்பி, நீங்க வால் வச்சதுல இருந்து இதுல உப்பே ஒட்ட மாட்டேங்கே. அந்தக் காத்து இப்ப எங்கன போகுது?"

இந்த ஊரில் அந்தக் கேள்வியைக் கேட்ட ஒரே ஆள் அவர்தான். நான் அவரைக் காருக்குப் பின்னால் அழைத்துப்போய், கையால் வாலைத் தடவிக் காட்டி, காற்று எப்படிப் பிரியாமல் வழுக்கி வந்து சேர்கிறது என்று சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அதற்குப் பிறகு உப்பளத்துக்குப் போகிற வழியில் பணியாரமோ கிழங்கோ கொண்டுவந்து பட்டறையில் கொடுத்துவிட்டுப் போவார். அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

புதுத் துறைமுகம் திறந்த சமயத்தில் வெளியூர் இன்ஜினியர்கள் நிறையப் பேர் வந்தார்கள். அண்ணாச்சி அவர்களுக்கு உப்பளத்துப் பங்களாவில் விருந்து வைத்தார். காரைத் துடைத்துப் பளபளவென்று வாசலில் நிறுத்தச் சொன்னார், என்னையும் வரச்சொன்னார். நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். மெட்ராஸ் இன்ஜினியர் ஒருவர் வாலைச் சுற்றிச்சுற்றி வந்து, இதை யோசித்தது யார் என்று கேட்டார். நல்ல கேள்வி. அவர் முறையாகத்தான் கேட்டார். பதில் சொன்னவர் அண்ணாச்சி.

"யோசனை நம்ம யோசனைதான் சார். ராத்திரியெல்லாம் உக்காந்து படம் போட்டேன். இவன் தகரம் தட்டுறவன், தோணிக்காரப் பய. சொன்னதச் சொன்னபடி செஞ்சிருவான்."

இன்ஜினியர் அண்ணாச்சியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நான் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன். அன்றைக்கு எனக்குக் கோபம் வந்ததா என்று நீங்கள் கேட்பீர்கள். வரவில்லை. கோபம் வந்திருந்தால் அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருப்பேன், அதோடு போயிருக்கும். எனக்கு அந்த ஆளைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. அவர் தின்பது, ஏப்பம் விடுவது, என் வாலின்மேல் கையை ஊன்றி நிற்பது, எல்லாமே.

கொஞ்ச நாள் கழித்து அவரே வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். வால் நுனியில் அந்தக் கரிக்குழாய் நீட்டிக்கொண்டிருப்பது அசிங்கமாக இருக்கிறதாம், பார்க்கிற பெரிய மனிதர்கள் சிரிக்கிறார்களாம், அதை உள்ளே மறைத்துவிடச் சொன்னார். சொன்னபடி செய்கிறவன் என்று பெயர் வாங்கினவன் நான். சொன்னபடி செய்தேன்.

இங்கேதான் உங்கள் காகிதம் தப்பாகப் போகிறது. தோணிக்காரன் புத்தி, வெளியிலிருந்து உள்ளே வருவதை மட்டும்தான் அடைப்பான், உள்ளே இருப்பது எங்கே போகும் என்று யோசிக்க மாட்டான் என்று நீங்கள் ஏட்டையாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. கெட்டிக்காரத்தனமான பேச்சு. ஊரும் அதைத்தான் நம்புகிறது. ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பின்கண்ணாடியில் உப்பு ஏன் படிகிறது என்று கண்டுபிடித்தவனுக்கு, அதே இடத்தில் விட்ட புகை எங்கே போகும் என்று தெரியாதா. என் சித்தப்பா மகன் வில்பிரட் மீன்பிடி லாஞ்சியில் வேலை பார்த்தான். மழைக்காக எல்லாக் கதவையும் சாத்திக்கொண்டு இன்ஜின் அறைக்குப் பக்கத்தில் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. இன்ஜின் புகைக் குழாயில் ஓட்டை. அவனைக் குளிப்பாட்டியது நான். முகம் சிவந்து, நல்ல தூக்கத்தில் இருப்பவன் மாதிரி இருந்தான். புகை என்ன செய்யும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

குழாயை வாலுக்குள்ளேயே முடித்தேன். முழுக்க அடைத்தால் இன்ஜின் திணறி நின்றுவிடும், அய்யாக்குட்டிக்கே தெரிந்துவிடும். ஆகவே வாலின் அடியில் கொஞ்சம் புகை போக வழி விட்டேன். மீதி போவதற்கு ஒரே வழிதான், டிக்கி வழியாகப் பின்சீட்டுக்கு. அண்ணாச்சி எப்போதும் பின்சீட்டில்தான் உட்காருவார், கால்மேல் கால் போட்டுக்கொண்டு. சுருட்டுப் பிடிக்கிறவர், புகை வாடை அவருக்குத் தெரியாது. கண்ணாடியை ஏற்றி வையுங்கள், திறந்தால் காற்று உள்ளே புகுந்து வண்டியை இழுக்கும், பெட்ரோல் வீணாகும் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தேன். அது உண்மையும்கூட. நான் வேலை விஷயத்தில் யாரிடமும் பொய் சொன்னதில்லை.

ஆனால் பின்சீட்டின் முதுகுக்கும் டிக்கிக்கும் நடுவே ஓர் அட்டை இருக்கிறது. அது பெரும்பகுதியைத் தடுத்துவிட்டது. கார்த்திகை மாதம் முழுக்க அண்ணாச்சிக்குத் தலைவலி, வாந்தி. வைத்தியர் பித்தம் என்றார். பட்டறைக்கு வரும்போதெல்லாம் நெற்றியைப் பிடித்துக்கொண்டு என்னிடம் அதைச் சொல்லுவார். சுக்கு அரைத்துப் போடுங்கள் அண்ணாச்சி என்பேன். எனக்கு அவசரம் இல்லை.

பிறகு பொங்கல்படி வந்தது. மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்குப் பொங்கலுக்கு முன்னால் பானை, அரிசி, வெல்லம், கிழங்கு, வாழைத்தார், கரும்பு எல்லாம் கொண்டுபோய்க் கொடுப்பது உங்களுக்கே தெரியும். கரும்பைத் தோகையோடு கட்டிக் கார் கூரைமேல் வைத்துக்கொண்டு போவதுதான் வழக்கம், போகிற வழியெல்லாம் ஊர் பார்க்க வேண்டுமல்லவா. முந்தின நாள் அண்ணாச்சி வந்து, தென்காசிக்குப் போகிறோம், கரும்பை மேலே கட்டினால் வாலுக்கு ஏதாவது ஆகுமா என்று என்னிடம் கேட்டார். பெட்ரோல் மிச்சத்தை மருமகனிடம் காட்டிப் பெருமையடிக்க வேண்டும் அவருக்கு. மேலே கட்டினால் வால் வைத்ததே வீண், கூரையில் காற்று கிழிந்துவிடும் என்றேன். பின்சீட்டு அட்டையை எடுத்துவிட்டால் வாலிலிருந்து முன்சீட்டு வரைக்கும் கரும்பு நீளமாகப் படுக்கும் என்றேன். மற்றவர்களாக இருந்தால் கரும்பை உள்ளே மறைத்துக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போக மாட்டார்கள். இவர் சரி என்றார். நானே அட்டையைக் கழற்றினேன்.

காலையில் வண்டி பட்டறை வாசலுக்கு வந்தது. வால் மூடி சரியாக அமர்ந்திருக்கிறதா என்று நான் பார்ப்பதற்காக அண்ணாச்சிதான் நிறுத்தச் சொல்லியிருந்தார். பக்கத்துப் பட்டறைக்காரர்கள், டீக்கடையில் நின்றவர்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். நான் பின்சீட்டைப் பார்த்தேன். கரும்புக் கட்டு பாதி இடத்தை அடைத்திருந்தது, பித்தளைப் பானைகள் மீதியை. அந்தப் பானைகள் நசுங்காமல் பிடித்துக்கொள்ள சண்முகத்தாயம்மாள் மட்டும் அங்கே ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். அண்ணாச்சி முன்சீட்டில், அய்யாக்குட்டி பக்கத்தில். சுருட்டுச் சாம்பல் தட்டுவதற்காகக் கதவின் சின்ன முக்கோணக் கண்ணாடியைத் திறந்து வைத்திருந்தார்.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. அதை ஒப்புக்கொள்கிறேன். வண்டியை நிறுத்த எனக்கு நேரம் இருந்தது. ஒரு வார்த்தை போதும், அண்ணாச்சி, குழாயில் கோளாறு இருக்கிறது, இறங்குங்கள் என்று. ஆனால் அதை அத்தனை பேர் முன்னால் சொல்ல வேண்டும். அண்ணாச்சி என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். டீக்கடைக்காரன் என்ன சொல்வான் என்றும் தெரியும். பவுல் வேலையில் கோளாறாம் என்று மத்தியானத்துக்குள் கடற்கரை வரைக்கும் போயிருக்கும். என் வாலில் கோளாறு எதுவும் இல்லை, ஐயா. இல்லாத கோளாறை நான் எப்படிச் சொல்ல முடியும்.

நான் பின்கதவருகே போனேன். சண்முகத்தாயம்மாள் பக்கத்துக் கண்ணாடி பாதி இறங்கியிருந்தது.

"ஏத்தி வைங்க அக்கா. தொறந்தா காத்து வண்டியப் பின்னுக்கு இழுக்கும்" என்றேன்.

"அதுவும் நல்லதுதான் தம்பி. காலக் காத்து காத அடைக்கு" என்றார்.

அவர் இரண்டு கையாலும் பானையைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஆகவே கதவைத் திறந்து, கைப்பிடியைச் சுற்றி, நானே கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டேன். கதவை அழுத்திச் சாத்தினேன். சிரித்தார். வண்டி புறப்பட்டது.

பாளையங்கோட்டையில் டீ குடிக்க நிறுத்தியபோது அவர் எழுந்திருக்கவில்லை. கரும்பில் தலையைச் சாய்த்துத் தூங்குகிறார் என்றுதான் இருவரும் நினைத்தார்களாம். முகம் சிவந்து இருந்தது என்று அய்யாக்குட்டி சொன்னான். அவனுக்கும் அண்ணாச்சிக்கும் தலைவலியோடு போயிற்று, அந்த முக்கோணக் கண்ணாடியின் தயவு. நீங்கள் முதலில் அய்யாக்குட்டியைப் பிடித்து அடித்தீர்கள். அவனுக்கு எதுவும் தெரியாது. எப்போதுமே அவனுக்கு எதுவும் தெரியாது.

இதுவரைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. நேற்று மத்தியானம் அண்ணாச்சி இங்கே வரவில்லை என்றால் இப்போதும் திறந்திருக்க மாட்டேன். மொட்டைத் தலையோடு வந்தார். உங்கள் எதிரிலேதான் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். என்ன சொன்னார் என்று நீங்களும் கேட்டீர்கள்.

"ஏலே பவுலு, ஒம்மேல எனக்குக் கோவம் இல்லல. நீ வேணும்னேவா செஞ்ச? தோணி அடைக்கிறவனுக்குக் காத்தப் பத்தி, பொகையப் பத்தி என்னல தெரியும். கொழாய மறைச்சிருன்னு சொன்ன பாவி நாந்தான. சாமி ஒன்ன மன்னிச்சிருவாரு. நானும் மன்னிச்சிட்டேன்."

அவர் அழுதது நிஜம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் விருந்து நடந்த அன்றைக்கு என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது போக மிச்சம் இருந்ததையும் நேற்று எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு வால் அவருடையது என்றார். நேற்று, எனக்கு எதுவுமே தெரியாது என்றார், அதையும் மன்னிப்பாகச் சொன்னார். நீங்கள் தலையை ஆட்டினீர்கள். ஏட்டையா அதைத் திருத்தமாக எழுதிவிட்டார். பிலோமினா, பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டால் மனசு லேசாகும் என்கிறாள். சாமியாரும் மன்னித்துவிடுவார். யாராவது மன்னிக்காமல் இருந்தால் பரவாயில்லை என்றிருக்கிறது.

ஆகவே அந்த வரியை அடித்துவிட்டு இப்படி எழுதச் சொல்லுங்கள். புகை எங்கே போகும் என்று பவுலுக்குத் தெரியும். தெரிந்தே குழாயை உள்ளே முடித்தான். தெரிந்தே அட்டையைக் கழற்றினான். பின்சீட்டில் யார் இருக்கிறார் என்று பார்த்த பிறகும் கண்ணாடியைத் தன் கையால் ஏற்றினான். கொலை என்று எழுதுங்கள். தூக்கு என்றாலும் சரி, கையெழுத்துப் போடுகிறேன். வேலையில் பிழை என்று மட்டும் எழுதக் கூடாது. வண்டி உங்கள் காம்பவுண்டில்தானே நிற்கிறது, போய்ப் பாருங்கள். கலப்பத்தில் ஒரு நூல் பிசிர் கிடையாது. குழாயைப் பழையபடி ஒரு சாண் வெளியே விட்டால் நாளைக்கே தென்காசி போய்வரலாம்.

நீங்கள் நம்பாமல் பார்க்கிறீர்கள். சுழலைப் பற்றியும் உப்பைப் பற்றியும் நான் சொன்னது உங்களுக்கு விளங்கவில்லை, பரவாயில்லை, அண்ணாச்சிக்கே விளங்கவில்லை. விளங்கிக்கொண்ட ஆள் ஒருவர்தான் இருந்தார். அந்த வால் சரியான வால் என்று சண்முகத்தாயம்மாள் சொல்லியிருப்பார். அவர் மட்டும் இப்போது இருந்திருந்தால் நான் உங்களிடம் இவ்வளவு பேச வேண்டி வந்திருக்காது.